யாருக்குப் பேர்? இரத்தினபுரித் தோட்டங்களும் சமகாலக் கலைவிழாவும்

1. கேள்வி

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. செக்றோல் என்னும் வருகைப் பதிவேட்டில் விழும் ஒருநாள் வேலை மற்றது. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். நாள் முழுவதும் மலையில் நின்ற பெண்ணுக்கு அரைப் பேர்தான் விழுந்தது என்றால், அவளுடைய அன்றைய உழைப்பில் பாதி எந்தப் பதிவிலும் இல்லை என்று அர்த்தம். கலையுலகமும் பேரைச் சுற்றி இயங்குவதுதான். காட்சிக்கூடச் சுவரில் ஒரு படைப்பின் பக்கத்தில் ஒட்டப்படும் சிறு அட்டையில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதே அதன் மதிப்பையும் விலையையும் பெருமளவு தீர்மானிக்கிறது. இந்த இரண்டு பேர்களும் ஒரே களத்தில் சந்திக்க நேர்ந்தால் என்ன நிகழும் என்று இக்கட்டுரை ஆராய்கிறது.

இலங்கையில் சமகாலக் கலை என்று இன்று சொல்லப்படுவது பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே இருக்கிறது. ‘கொழும்பஸ்கோப்’ கலைவிழா 2013 முதல் அங்கே நடந்துவருகிறது. 1983 யூலையில் தீக்கிரையான ரியோ திரையரங்கக் கட்டடம் அதன் காட்சியிடங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் 2019இல் கொழும்பில் திறக்கப்பட்டு, தன் காட்சிகளை மும்மொழியிலும் விளக்கிவருகிறது. யாழ்ப்பாணத்தில் 2004இல் பொது நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ காட்சி, போர் தின்ற நகரொன்றில் சமகாலக் கலை எப்படிப் பேசும் என்பதைக் காட்டியது. இவற்றின் நீட்சியாக ‘கலையைக் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும்’ என்ற குரல் எழுவது இயல்பு. நல்ல மனத்திலிருந்து எழும் குரல் அது.

ஆனால் ‘கொண்டுசெல்வது’ என்ற வினையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கொண்டுசெல்பவர் இருக்கிறார், கொண்டுசெல்லப்படும் பொருள் இருக்கிறது. பெறுபவர் வெறுங்கையோடு நிற்பதாக அந்த வினை கருதிக்கொள்கிறது. எனவே நான் கேள்வியை வேறுவிதமாக வைக்கிறேன். இரத்தினபுரித் தோட்டமொன்றுக்கு ஒரு கலைவிழா வந்தால், ‘வாருங்கள்’ என்று சொல்லவும் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லவும் அங்கே யாருக்கு உரிமை இருக்கிறது? வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் தரும் வரவேற்பை வரவேற்பு என்று கொள்ள முடியாது. என் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

2. இரத்தினபுரி: ஓரத்தின் ஓரம்

மலையகம் என்றதும் மனத்தில் எழும் படம் நுவரெலியாவும் அட்டனும்: பனி மூடிய உயர்ந்த மலை, தொடர் தொடராகத் தேயிலை. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்கள் இந்தப் படத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. இங்கே தேயிலையோடு இறப்பரும் சேர்ந்திருக்கிறது. கொழுந்து எடுப்போருக்குப் பக்கத்திலேயே விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போவோர் இருக்கிறார்கள். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை எங்கும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணம், முன்னோர் வந்த தடத்தையே பின்பற்றியது. சப்ரகமுவ அந்தத் தடத்தில் இல்லை. மலையகத்தின் கூட்டு நினைவுக்குள்ளும் இந்தப் பகுதி ஓரத்தில்தான் இருக்கிறது.

சிதறிக் கிடப்பதன் விளைவுகள் இரண்டு. முதலாவது அச்சம். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் எரிந்தன, மக்கள் காடுகளிலும் கோயில்களிலும் ஒளிந்தார்கள். இரண்டாண்டில் 1983 வன்செயல் வந்தது. பலர் வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்தார்கள், இந்தியாவுக்குப் போனவர்களும் உண்டு. இரவில் கூட்டம் கூடுவதும் மேளச் சத்தம் எழுவதும் இங்கே ஒருபோதும் வெறும் கலை நிகழ்வாக மட்டும் இருந்ததில்லை. அக்கம்பக்கத்துக் கிராமம் அதை எப்படிக் கேட்கும் என்ற கணக்கும் கூடவே ஓடும். இரண்டாவது மொழி. உயர்வகுப்புவரை உள்ள தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருக்க, சிங்களப் பாடசாலை பக்கத்தில் இருக்கும் தோட்டங்களில் பிள்ளைகள் சிங்கள மொழிமூலம் படித்து வளர்கிறார்கள். பாட்டி தமிழில் பாட, பேத்தி சிங்களத்தில் எழுதும் வீடுகள் இங்கே உண்டு. இப்படிப்பட்ட இடத்துக்கு வரும் விழா ‘தமிழ் மக்களுக்கான விழா’ என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொண்டால், வீட்டுக்குள்ளேயே பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் நிலம் கிடக்கிறது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் நிலம் அரசிடமே இருந்தது. இதற்குள் தலைமுறைகளாக வாழ்பவர்களில் பெரும்பாலோருக்கு, தாங்கள் படுத்தெழும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குக்கூட உறுதி கிடையாது. ஆகவே வெளியிலிருந்து வரும் ஒரு கலைக்குழு ‘காலையில் வேலைக்கு ஆள் கூடும் இந்தப் பெரட்டுக்களத்தில் ஒரு காட்சி வைக்கலாமா?’ என்று கேட்டால் கடிதம் தோட்ட நிர்வாகியான துரைக்குத்தான் போகும். லயத்துக்கு அது செய்தியாகத்தான் வந்துசேரும்.

3. ஏற்கெனவே இருக்கும் விழா

கலை இல்லாத வெற்றிடத்துக்குக் கலையைக் கொண்டுபோகிறோம் என்ற எண்ணத்தை ஒரே ஒரு நிகழ்வு உடைத்துவிடும். மலையகத் தோட்டங்களின் பெருங்கூத்துகளாக அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து மூன்றையும் சொல்வது மரபு. இவற்றுள் காமன் கூத்து, விழா என்ற அமைப்பைப் புரிந்துகொள்ள மிக உகந்தது.

மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் பிறை தெரியும் நாளையொட்டிக் காமன் ஊன்றப்படுகிறது. அன்று தொடங்கி நாட்கணக்கில் விரதம், ஒத்திகை, பாட்டு. பின்னர் ரதி மன்மதன் திருமணம், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதல், நெற்றிக்கண் நெருப்பு, ரதியின் புலம்பல் என்று இரவு முழுவதும் கூத்து நீளும். ரதியும் மன்மதனும் மேடையில் நின்றுவிடுவதில்லை. தப்பொலியோடு லயம் லயமாக, வாசல் வாசலாகப் போகிறார்கள். பார்வையாளர் கூத்தைத் தேடிப் போவதற்குப் பதிலாகக் கூத்து அவர்களைத் தேடி வருகிறது. நடிப்பவர் நேற்று மலையில் முள்ளுக்குத்தியவர், நாளை காலை மீண்டும் பெரட்டுக்கு வருபவர். வேடம் கட்டுவது பலருக்கு நேர்த்தி. சில குடும்பங்களுக்குத் தலைமுறை வழி உரிமை.

இதைச் ‘சடங்கு’ என்று ஒரு பெட்டியிலும் ‘சமகாலக் கலை’யை இன்னொரு பெட்டியிலும் வைப்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் சமகாலக் கலையாளர்கள் தேடும் பல பண்புகள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. நிகழ்விடம் முழுத் தோட்டமுமாக விரிகிறது. பார்வையாளருக்கும் பங்கேற்பாளருக்கும் இடையிலான கோடு அழிகிறது. நாட்கள் நீளும் காலமே வடிவமாகிறது. நெருப்பில் அழிவது படைப்பின் ஒரு பகுதியாகிறது. தாபனக் கலை, ஆற்றுகைக் கலை என்று புதிய சொற்களால் நாம் இன்று கற்பிக்கும் பலவற்றுக்கு இந்த மண்ணில் பழக்கப்பட்ட உடல்கள் உண்டு.

என் கேள்விக்கு இதைவிட முக்கியமானது அதன் நிர்வாகம். நாளைத் தீர்மானிப்பது பிறை. மாசி, பங்குனியில் தென்மேல் பருவமழை தொடங்கியிருக்காது. இறப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் காலமும் ஏறத்தாழ இதுவே. வானமும் மரமும் தரும் ஓய்வை அறிந்து வைத்த நாட்காட்டி அது. களம், கோயிலடியோ லயத்து முற்றமோ, மக்களே பழக்கத்தால் உரிமை கொண்டாடும் இடம். செலவு வீட்டுக்கு வீடு திரட்டப்படுகிறது. இந்த ஆண்டு காமன் ஊன்ற வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அவர்களால் முடியும்; சாவும் சண்டையும் வறுமையும் வந்த ஆண்டுகளில் அப்படி நின்றுபோவதுண்டு. நிலத்தில் உரிமை இல்லாத ஒரு சமூகம், நாளிலும் களத்திலும் தன் உரிமையை இப்படி நிலைநாட்டி வைத்திருக்கிறது.

4. இந்த மண்ணில் நடந்தவை

வெளியிலிருந்து லயங்களுக்குக் கலை வந்ததே இல்லை என்பதும் உண்மையன்று. 1930களில் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போனபோது, தோட்டத்துக்குள் கூட்டம் போடுவதே குற்றமாகக் கருதப்பட்டது. மீனாட்சியம்மாள் தன் பாட்டுகளைக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவற்றை நூலாகவும் அச்சிட்டார். மக்களுக்கு முன்பே பழகியிருந்த மெட்டுகளில் அவர் புதிய செய்தியை ஏற்றினார். புதியது பழகிய குரலில் வந்ததால் அதைக் கேட்டவர்கள் தாமும் பாட முடிந்தது. சி.வி. வேலுப்பிள்ளை அந்த மக்களின் சொந்தப் பாடல்களைத் தொகுத்து எழுத்தில் நிலைநிறுத்தினார். பின்னாளில் அந்தனி ஜீவா வீதிநாடகத்தை மலையகத்துக்குக் கொண்டுவந்தார். சிங்கள அரங்கில் காமினி ஹத்தொட்டுவகம 1970களில் தொடங்கிய வீதிநாடக இயக்கமும், மேடையை விட்டு இறங்கிச் சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் போன முயற்சிதான்.

2000களின் தொடக்கத்தில் பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் உருவாக்கிய ‘ஜனகரளிய’, தமிழில் ‘மக்கள் களரி’, இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கிய இலங்கைச் சான்று. கழற்றிப் பூட்டக்கூடிய கூடார அரங்கு ஒன்றோடு அக்குழு நாட்டின் தொலைவிடங்களுக்குப் போனது. போன இடத்தில் ஒரே இரவில் காட்சி காட்டிவிட்டுத் திரும்பாமல் நாட்கணக்கில் தங்கியது. பாடசாலைகளில் பட்டறை நடத்தியது. தமிழ், சிங்கள நடிகர்கள் ஒன்றாக வாழ்ந்து ஒருவர் மொழியை மற்றவர் கற்றுக்கொண்டு இரு மொழியிலும் நடித்தார்கள். சப்ரகமுவ போன்ற இருமொழி நிலத்துக்கு இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும். என்றாலும் கூடாரம் கூடாரம்தான். அது போனபின் களத்தில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி, இடம்பெயரும் எல்லா அரங்குகளையும் போல அதற்கும் உண்டு.

மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் ஏறத்தாழ அதே காலத்தில் தொடங்கிய ‘கூத்து மீளுருவாக்கம்’ எதிர்த் திசையில் நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் புதிய நாடகமொன்றை ஊருக்குக் கொடுக்கவில்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரோடும் ஊராரோடும் உட்கார்ந்து, அவர்களுடைய கூத்துப் பனுவலில் சாதியும் பெண்ணும் எப்படிப் பேசப்படுகின்றன என்று விவாதித்தார்கள். மாற்ற வேண்டியதை ஊரே மாற்றியது. விவாதம் நீண்டது, பல இரவுகள் ஆடாமலே கழிந்தன. ஆட்டம் அந்த உரையாடலிலிருந்து பிறந்தது. புதுமை என்பது வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்ற நம்பிக்கைக்குச் சீலாமுனை வலுவான மறுப்பு.

கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றை 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சியும் நினைவில் கொள்ளத்தக்கது. கவ்வாத்துக் கத்தி, பழைய கடவுச்சீட்டு, தப்பு, அடுப்படிப் பொருள்கள் எல்லாம் தாம் புழங்கிய காம்பராவிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. கொழும்புக் காட்சிக்கூடமொன்றில் கண்ணாடிக்குள் இருந்தால் அவை வேறு பொருளாகிவிடும். இடமும் படைப்பின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

5. வெளியிலிருந்து இரண்டு சான்றுகள்

கிராமத்துக்குச் சமகாலக் கலைவிழா என்றதும் உலகம் முழுவதும் சுட்டப்படுவது ஜப்பானின் எச்சிகோ சுமாரி. நீகாட்டா மாநிலத்தின் மலைப்பகுதியில், ஏறத்தாழ 760 சதுர கிலோமீற்றர் பரப்பில், இருநூறளவான ஊர்களினூடே 2000 முதல் மூன்றாண்டுக்கொருமுறை நடத்தத் திட்டமிடப்பட்ட விழா. இளையோர் நகரங்களுக்குப் போய்விட்டார்கள், முதியோர் மட்டும் எஞ்சினார்கள், பாடசாலைகள் மூடப்பட்டன. வெறுமையான வீடுகளும் மூடிய வகுப்பறைகளுமே காட்சியிடங்களாயின. இயக்குநர் பிராம் கிட்டகாவா எண்ணற்ற ஊர்க்கூட்டங்களில் உட்கார வேண்டியிருந்தது. பொதுப்பணத்தை இதற்குச் செலவிடுவதா என்று ஊர் அவைகள் எதிர்த்தன, தொடக்கமே தள்ளிப்போனது.

அங்கே நடந்த ஒரு நிகழ்வு என் வாதத்துக்கு அச்சாணி. இல்யா, எமிலியா கபகோவ் தம்பதியர், நெல் விளையும் படிக்கட்டு வயலில் உழவர் உருவங்களை நிறுத்த விரும்பினார்கள். வயலின் உரிமையாளரான முதிய விவசாயி முதலில் மறுத்தார். அந்த மண்ணில் தன் குடும்பம் பட்ட பாடு அவருக்குத் தெரியும். கலைஞர்கள் வரைந்த திட்டத்தில் அந்தப் பாட்டுக்கு மதிப்பு இருப்பதைக் கண்ட பின்னரே இசைந்தார். அந்தப் படைப்பு இன்றும் விழாவின் அடையாளம். அது நல்ல படைப்பாவதற்கு அவருடைய மறுப்பும் காரணம் என்று நான் கருதுகிறேன். தன் வயல் என்பதால் அவரால் மறுக்க முடிந்தது. அவர் மறுத்ததால் கலைஞர்கள் அவரைக் கேட்க வேண்டியதாயிற்று.

எச்சிகோ சுமாரியை அப்படியே இரத்தினபுரிக்குப் பொருத்த முடியாது என்பது இங்கேதான் தெரிகிறது. இளையோர் வெளியேறுவது பொதுவானது; தோட்டத்து இளைஞர்களும் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். ஆனால் ஜப்பானிய விவசாயி தன் நிலத்தில் நின்று பேசினார். நம் பால்வெட்டுத் தொழிலாளி நிற்கும் நிலம் அவருடையதில்லை.

இரண்டாவது சான்று சென்னையிலிருந்து. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் 2015இல் ‘ஊரூர் ஆல்காட் குப்பம் விழா’ தொடங்கியது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தியது. கர்நாடக இசையும் பரதமும் பறையாட்டமும் கூத்தும் ஒரே மணலில், கட்டணமின்றி. ‘மீனவருக்குக் கச்சேரி எதற்கு?’ என்ற கேள்வி உடனே எழுந்தது. குப்பத்துக்கு இசை கற்பிப்பது விழாவின் நோக்கமாக இருக்கவில்லை. எந்தக் கலை எந்தத் தெருவில் நிகழலாம் என்று சாதி வகுத்த எல்லையைக் கேள்விக்குட்படுத்துவதே நோக்கம். சபாவுக்குப் பழகிய இரசிகர்கள், அதுவரை எட்டிப் பார்த்திராத குப்பத்துக்கு வர வேண்டியதாயிற்று. அங்கே அவர்கள் விருந்தினர், குப்பத்தார் வீட்டுக்காரர். விழா பின்னர் நகரின் வேறு இடங்களுக்கும் விரிந்து ‘சென்னை கலைத் தெரு விழா’ என்ற பெயரையும் ஏற்றது. பார்க்க வருபவரின் பழக்கம் எவ்வளவு மாறியது என்ற அளவுகோலை இவ்விழா நமக்குத் தருகிறது.

6. எதிர்வாதங்கள்

முதலாவது: வீடும் கூலியும் இல்லாதவருக்குக் கலைவிழா எதற்கு? நாட்கூலி 1000 ரூபாயாக 2021இல் உயர்வதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1350 ஆனது. களு கங்கை பெருகி 2003இலும் 2017இலும் இரத்தினபுரி மூழ்கியபோது, மண்சரிவு அச்சத்தில் லயங்கள் காலியாகின. இந்த நிலையில் கலையைப் பேசுவது ஆடம்பரம் என்பது நேர்மையான கவலை. ஆனால் இந்த மக்கள் வயிறு நிறையும்வரை காத்திருந்து பாடத் தொடங்கியவர்கள் அல்லர். கூலி மிகக் குறைவாக இருந்த காலத்தில்தான் காமன் கூத்து செழித்தது. கலை அவர்களுக்கு ஆடம்பரமாக இருந்திருந்தால் அது இருநூறு ஆண்டு தாண்டி வந்திருக்காது. அதே வேளையில், விழாவின் பெயரால் அவர்களுடைய ஒருநாள் கூலி பறிபோகுமானால் அந்தக் கவலை முற்றிலும் சரியாகிவிடும்.

இரண்டாவது, அழகியல் சார்ந்தது. பங்கேற்புக் கலை பற்றி 2012இல் வெளிவந்த தன் நூலில் கிளேர் பிஷப், சமூக நன்மை ஒன்றையே அளவாகக் கொண்டால் படைப்பின் தரம் பற்றிய பேச்சு காணாமற்போகும் என்று வாதிட்டார். இதில் உண்மை உண்டு. தோட்டத்துக்கு என்றால் எதுவும் போதும், வண்ணம் பூசிய சுவரும் ஒரு குழுப்படமும் போதும் என்ற மனநிலை, மக்களைக் குறைத்து மதிப்பிடுவதே. நல்ல ரதியையும் கெட்டுப்போன ரதியையும் பிரித்தறியும் கண் லயத்துக்கு உண்டு. குரல் பிசகினால் பாட்டியொருத்தி அங்கேயே சொல்லிவிடுவாள். அந்த விமர்சகர்களின் முன் நிற்கக்கூடிய படைப்பையே விழா கொண்டுவர வேண்டும். அட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்க் கறையையும் பயன்படுத்திய தேநீர்ப் பைகளையும் வடிகளையும் ஊடகமாக்கித் தோட்டப் பெண்ணின் வாழ்வைப் பேசும் படைப்புகளைக் கொழும்புக் காட்சிக்கூடங்கள் கண்டிருக்கின்றன. கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும் பெண்கள் அவற்றைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்பதே அப்படைப்புகளுக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கூர்மையான விமர்சனம்.

மூன்றாவது எதிர்வாதம் என் சொந்த வாதத்தையே தாக்குவது. காமன் கூத்தை இலட்சிய வடிவமாக்கினால் அதன் உள்ளிருக்கும் ஏற்றத்தாழ்வுகள் மறைந்துபோகும். தப்பு யார் தோளில் தொங்கியது, கோயில் வாசலில் யார் எங்கே நின்றார்கள் என்பதைச் சாதி தீர்மானித்தது. விடியலில் பெரட்டுக்கு அழைத்ததும் சாவு வீட்டில் முழங்கியதும் அதே தப்புதான். அடித்தவரின் இழிவும் அதே தோலில் ஒட்டியிருந்தது. ரதியின் துயரத்தை மரபாக ஆண்களே ஆடினார்கள். கணவனை இழந்த பெண்ணின் புலம்பலை வாழ்ந்து அறிந்தவர்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். எனவே உள்ளே இருப்பது எல்லாம் நல்லது, வெளியிலிருந்து வருவது எல்லாம் கெட்டது என்று கொள்ள முடியாது. வெளியிலிருந்து வரும் கலை சில சமயம், உள்ளூரில் வாய் திறக்க முடியாத ஒருத்திக்கு முதல் களமாகிறது. சீலாமுனை காட்டியது போல, கேள்வியை வெளியார் எழுப்பலாம். விடை ஊருடையதாக இருக்க வேண்டும். ஊர் என்னும்போது அதில் யார் யார் அடங்குவர் என்பதையும் கேட்டாக வேண்டும்.

7. களம், நாள், பேர்

இதுவரை பார்த்த சான்றுகளிலிருந்து, இரத்தினபுரித் தோட்டத்துக்கு வரும் எந்தக் கலைவிழாவையும் அளக்க மூன்று அளவைகளை முன்வைக்கிறேன்.

களம் முதலாவது. துரையின் அனுமதி சட்டப்படி தேவைப்படலாம், அது போதுமானதாகாது. கோயில் கமிட்டி, தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கம், இளைஞர் மன்றம், தப்புக் கலைஞர்கள் எல்லோரும் அமர்ந்த கூட்டத்தில் இசைவு பெற வேண்டும். கூட்டம் வேண்டாம் என்றால் விழா திரும்பிப் போக வேண்டும். அப்படித் திரும்பிப் போவதற்கான இடம் திட்டத்திலேயே இருக்க வேண்டும். பக்கத்துச் சிங்களக் கிராமத்தையும் தொடக்கத்திலேயே அழைப்பது இங்கே கட்டாயம். 1981இன் நினைவு உள்ள மண்ணில், அடுத்தவருக்குத் தெரியாமல் எழும் மேளச் சத்தம் ஐயமாக மாறும். சேர்ந்து கட்டும் பந்தல் அப்படி மாறாது. அறிவிப்பும் விளக்கமும் இரு மொழியிலும் இருந்தால், சிங்களத்தில் படித்த பேத்தி தன் பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளராவாள். ஒரு விழா தரக்கூடிய உண்மையான பலன்களில் அதுவும் ஒன்று.

நாள் இரண்டாவது. கொழும்பின் பருவத்துக்கும் நிதி வழங்குவோரின் கணக்காண்டுக்கும் ஏற்ப நாள் குறித்துவிட்டு மக்களைக் கூப்பிடும் வழக்கம் மாற வேண்டும். கொழுந்து குவியும் மாதத்தில், பெருமழை கொட்டும் வைகாசியில், எவ்வளவு சிறந்த காட்சி வைத்தாலும் வருவதற்கு ஆள் இருக்காது. காமன் ஊன்றும் காலத்தை ஒட்டி விழா வந்தால், அது இருக்கும் நாட்காட்டியோடு பேசும். ஆனால் காமன் இரவின் மேலேயே ஏறி உட்கார்ந்து, அதைத் தன் நிகழ்ச்சிநிரலின் ஓர் அங்கமாக அச்சிட்டுவிடக் கூடாது. ஓராண்டு வெறுமனே வந்து பார்த்து, உண்டு, கேட்டுப் போவது. அடுத்த ஆண்டு சேர்ந்து திட்டமிடுவது. மூன்றாம் ஆண்டில் காட்சி வைப்பது. விழாவுக்கு இது மெதுவாகத் தோன்றும். தேயிலைக் கன்றும் நட்ட ஆண்டே கொழுந்து தருவதில்லை.

பேர் மூன்றாவது, தொடங்கிய இடத்துக்கு இங்கே திரும்புகிறேன். ஒரு கலைஞர் தோட்டப் பெண்களோடு இரண்டு நாள் பட்டறை நடத்தினால், அந்த இரண்டு நாளும் அவர்களுக்கு முழுப் பேர் விழ வேண்டும். ‘பங்கேற்பு’ என்ற அழகிய சொல்லின் கீழ் கூலியில்லா வேலை வாங்கப்படுமானால், தோட்டத்துக்கு அது புதிதல்ல; பழைய அநீதியின் புதிய உடுப்பு அவ்வளவே. அதுபோல அவர்களுடைய பாட்டு, நெசவு, கதை, முகம் எதுவும் படைப்புக்குள் போனால், அவர்கள் விரும்பும்போது, அவர்கள் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும். படைப்பு பின்னர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ விற்கப்படுமானால் பங்கு எவ்வளவு என்பது முதல் கூட்டத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். தப்புக் கலைஞருக்கும் வெளியிலிருந்து வரும் ஆற்றுகைக் கலைஞருக்கும் ஒரே மேடையில் ஒரே அளவு மதிப்பூதியம் தரப்படுமானால், சாதியைப் பற்றிய எந்த உரையும் செய்யாததை அது செய்யும்.

விழா முடிந்த மறுநாள் இந்த மூன்றையும் சேர்த்து அளக்கும். களத்தில் மிஞ்சுவது என்ன? பிள்ளைகள் தொடர்ந்து பயில ஓர் அறை, பாட்டிகளின் குரல் பதிவுகள் தோட்டத்திலேயே இருக்கும் ஒரு பெட்டகம், பழுது பார்த்த தப்புகள், பாடசாலையில் நிலைக்கும் ஒரு நாடகக் குழு. பெலிகுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணவர்களும் ஆசிரியர்களும் இத்தகைய தொடர்ச்சிக்குத் துணைநிற்க முடியும். இவை எதுவும் மிஞ்சாமல் நிழற்படங்கள் மட்டும் வெளியே போனால், கொழுந்தைப் போலவே கலையும் இங்கிருந்து எடுக்கப்பட்டு எங்கோ மதிப்பேற்றப்பட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

8. முடிவாக

சமகாலக் கலைவிழா தோட்டங்களுக்கு வரவேண்டும் என்றே நான் விரும்புகிறேன். தேயிலைக் கறையில் தன் தாயின் கைகளைக் காணும் அனுபவம் காட்சிக்கூடங்களுக்குள் மட்டும் அடைபட்டிருப்பது அநியாயம். இரத்தினபுரியின் பிள்ளைகளுக்கும் உலகின் புதிய கலை அறிமுகமாக வேண்டும். அதைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

ஆனால் விழா எந்தக் கதவைத் தட்டுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். பங்களாவின் கதவைத் தட்டிவிட்டு லயத்துக்குள் நுழையும் விழா, எவ்வளவு முற்போக்கான படைப்புகளைச் சுமந்து வந்தாலும், தோட்டத்தின் பழைய ஒழுங்கையே மறுபடி நிகழ்த்திக் காட்டும். காமன் ஊன்றும் களத்தின் ஓரத்தில் வந்து நின்று, ‘நாங்களும் ஒரு வேடம் கட்டலாமா?’ என்று கேட்கும் விழாவுக்கு விடை சொல்ல வேண்டியவர் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருப்பவர். அவர் தலையசைக்கலாம், அடுத்த மாசிக்கு வரச்சொல்லலாம். எந்த விடையானாலும் அன்றைய நாளின் முழுப் பேர் அவருக்கு உரியது.